ஓபர்சால்ஸ்பெர்க்: ஹிட்லர் வீடு கட்டிய மலையில் ஓர் ஊர் இருந்தது

9 மே, இரவு 10.40 (கேள்வி)

ஜூலையில் குடும்பத்தோடு ஜெர்மனி வருகிறோம். பெர்ஷ்டெஸ்காடனில் ஹிட்லர் வாழ்ந்த ‘கழுகுக் கூடு’ இருக்கிறதாமே, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். மலை உச்சியில் கோட்டை மாதிரி கட்டிக்கொண்டு அங்கிருந்தே போரை நடத்தினார், கடைசியில் அமெரிக்க பாராசூட் படை ஏறிப் பிடித்தது என்று ஒரு தொடரில் பார்த்தோம். சுற்றிலும் வெறும் மலைதானே, அரை நாள் போதுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

9 மே, இரவு 11.15

வெறும் மலை இல்லை சகோ. அங்கே ஓர் ஊர் இருந்தது. பெயர் ஓபர்சால்ஸ்பெர்க். பண்ணை வீடு, தங்கும் விடுதி, சின்னக் கடை என்று நானூறு பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். அத்தனை பேரையும் கிளப்பிவிட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். நீங்கள் இன்று பார்க்கப்போகும் ‘வெறும் மலை’ அப்படி வந்ததுதான்.

இன்னொன்று, கேள்வியில் இரண்டு இடங்கள் கலந்துவிட்டன. ஹிட்லர் வாழ்ந்த வீடு பெர்க்ஹோஃப். அது ஊருக்குள்ளே, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தது. இப்போது இல்லை. கழுகுக் கூடு என்று எல்லோரும் சொல்வது கேல்ஸ்டைன் இல்லம். 1,834 மீட்டரில், உச்சியில் இருக்கிறது. அங்கே அவர் குடியிருக்கவே இல்லை.

அரை நாள் போதாது. மீதியை நாளை எழுதுகிறேன்.

10 மே, காலை 8.05

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். நிலம் புரியாமல் அங்கே நடந்த எதுவும் புரியாது.

ஜெர்மனி வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்னத் துண்டு ஆஸ்திரியாவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் பெர்ஷ்டெஸ்காடன் பகுதி. மூன்று பக்கமும் ஆஸ்திரியா. சால்ஸ்பர்க் நகரம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். முனிக் எங்கோ இருக்கிறது. இந்தத் துண்டு பல நூற்றாண்டுகள் யாருக்கும் சொந்தமில்லாத தனி நாடு போலவே இருந்தது. ஒரு மடத்தின் தலைவர்தான் ஆட்சியாளர். 1803இல் மடத்தின் ஆட்சி போய், நெப்போலியன் காலக் குழப்பத்தில் கைமாறிக் கைமாறி, 1810இல்தான் பவேரியாவிடம் வந்து சேர்ந்தது.

சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். தெற்கே வாட்ஸ்மன், 2,713 மீட்டர். கிழக்கே ஹோயர் கோல், 2,522 மீட்டர். வடக்கே உன்டர்ஸ்பெர்க். பெர்ஷ்டெஸ்காடன் ஊர் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. அங்கிருந்து கிழக்கே, கோல் மலையின் தோளில் ஏறினால் ஒரு பச்சைச் சரிவு வரும். மேலே பாறை, கீழே பள்ளம், நடுவில் புல்லும் கொஞ்சம் சமதரையும். அந்த நடுப்பகுதிதான் ஓபர்சால்ஸ்பெர்க். கழுகுக் கூடு நிற்கும் கேல்ஸ்டைன் அதே கோல் மலையின் ஒரு கிளை முனை.

சரிவுக்கு அடியில் உப்பு. 1517இல் வெட்டத் தொடங்கிய சுரங்கம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்பைப் பற்றி நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அது அப்புறம்.

10 மே, மதியம் 1.20

ஊர்க்காரர்களைப் பற்றி எழுதாமல், ஊரைக் காலி செய்த ஹிட்லரின் வலதுகை போர்மனைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

1870கள் வரை அங்கே மலை விவசாயிகள் மட்டுமே. மாடு, புல், கொஞ்சம் மரம், சுரங்க வேலை. 1877இல் மொரீட்சியா மாயர் என்ற பெண் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி விடுதியாக்கினார். ‘பென்ஷன் மோரிட்ஸ்’. தனியாக ஒரு பெண், அந்தக் காலத்தில், வண்டி ஏறவே சிரமப்படும் மேட்டில் விடுதி நடத்தினார். அந்த ஊருக்குச் சுற்றுலா என்ற ஒன்றைக் கொண்டுவந்ததே அவர்தான். எழுத்தாளர்கள் வந்தார்கள், இசைக்காரர்கள் வந்தார்கள். குளிர்பதன இயந்திரத்தால் பெயர் பெற்ற கார்ல் ஃபொன் லிண்டே அங்கே வீடு கட்டினார். அவர் பெயரில் ஒரு நடைபாதை இன்றும் இருக்கிறது, நிழலாக, நடக்க அருமையாக இருக்கும். பியானோ செய்யும் பெக்ஸ்டைன் குடும்பத்துக்கும் ஒரு மாளிகை இருந்தது. குழந்தைகளுக்கான சிகிச்சை இல்லம்கூட இருந்தது, காற்று அவ்வளவு சுத்தம்.

ஹிட்லர் முதன்முதல் வந்தது 1923இல். கைது ஆணைக்குப் பயந்து அங்கே ஒளிந்திருந்த தீட்ரிஷ் எக்கார்ட் என்ற கூட்டாளியைப் பார்க்க, ‘ஹேர் வோல்ஃப்’ என்ற பொய்ப் பெயரில், இதே பென்ஷன் மோரிட்ஸுக்கு. சிறையிலிருந்து வெளிவந்த பிறகு திரும்பி வந்து, விடுதிக்குப் பக்கத்துக் குடிலில் உட்கார்ந்து தன் ‘மைன் காம்ஃப்’ நூலின் இரண்டாம் பாகத்தைச் சொல்லி எழுதவைத்தார். 1928இல் ஹவுஸ் வாகன்ஃபெல்ட் என்ற சின்ன விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுத்தார். வடக்கு ஜெர்மனி வியாபாரி ஒருவர் 1916 வாக்கில் கட்டிய வீடு அது. 1933இல், பதவிக்கு வந்ததும், விலைக்கே வாங்கிவிட்டார்.

அதுவரை அவர் அந்த ஊரில் ஒரு குடித்தனக்காரர். அதற்குப் பிறகு ஊர் அவருடையது.

10 மே, இரவு 9.50

இப்போது அந்த வெளியேற்றம்.

1933 கோடையிலேயே கூட்டம் வரத் தொடங்கியது. ‘தலைவரை’ ஒரு கண் பார்த்துவிட ஆயிரக்கணக்கானோர் மேட்டில் ஏறி வேலி ஓரம் நின்றார்கள். விடுதிக்காரர்களுக்கு முதலில் நல்ல வருமானம்தான், மறைக்க வேண்டியதில்லை. கட்சியை ஆதரித்தவர்கள் ஊரில் நிறையவே இருந்தார்கள். ஆனால் அந்த ஆதரவு யாரையும் காப்பாற்றவில்லை.

மார்ட்டின் போர்மன் வந்து இறங்கினார். ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு துண்டு நிலமாக ‘விலைக்கு’ வாங்கினார். பணம் ஜெர்மன் தொழிலதிபர்கள் 1933 முதல் ஹிட்லருக்காகக் கட்டிவந்த நிதியிலிருந்து வந்தது. விற்க மறுத்தால் டாக்காவ் வதைமுகாம் என்று மிரட்டல். மிரட்டல் வெறும் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. அங்கே போட்டோ கடை வைத்திருந்த ஒருவர், கடையை எடுக்கச் சொன்னதும் ஹிட்லரிடமே நேரில் மனு கொடுத்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பினார். கொடுத்தார். இரண்டு வருடம் டாக்காவில் கழித்தார்.

‘ட்சூம் ட்யூர்க்கன்’ என்ற விடுதியின் சொந்தக்காரர் 1933இலேயே மாட்டிக்கொண்டார். தன் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் அட்டகாசத்தைப் பற்றி வாய்விட்டுக் குறை சொன்னார். அவ்வளவுதான். விடுதிக்கு ஆட்கள் வராமல் தடுத்தார்கள், கைது செய்தார்கள், விற்க வைத்தார்கள். அந்தக் கட்டடம் காவல் படையின் விடுதி ஆனது. மொரீட்சியா மாயரின் விடுதி, அதற்குள் பெயர் பிளாட்டர்ஹோஃப் என்று மாறியிருந்தது, அதுவும் 1936இல் போனது.

1937 வாக்கில் பழைய ஊர் அநேகமாக முடிந்துவிட்டது. அந்த இடத்தில் ஹிட்லரின் காவல்படையான எஸ்.எஸ். முகாம், விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வீடு, போர்மன் வீடு, காவல்காரர் குடியிருப்பு, கண்ணாடிக் கூரைக் காய்கறித் தோட்டம், போர்மனின் மாதிரிப் பண்ணை, எல்லாவற்றையும் சுற்றி வேலி. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவர்களை விரட்டிவிட்டு, அதே புல்லில் ‘மாதிரிப் பண்ணை’ வைத்தார்கள். அது லாபமும் பார்க்கவில்லை.

11 மே, காலை 7.30

ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்கிறார்: “பணம் கொடுத்துத்தானே வாங்கினார்கள்? சிலருக்குச் சந்தை விலையை விட அதிகமாகவே கிடைத்ததாகப் படித்தேனே.”

சிலருக்கு நல்ல விலை கிடைத்தது உண்மை. ஆனால் விற்காமல் இருக்கும் உரிமை அங்கே யாருக்கும் இருக்கவில்லை. துப்பாக்கிக்காரன் பக்கத்தில் நிற்கும்போது போட்ட கையெழுத்தை விற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். விலை கூடவா குறைவா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

11 மே, இரவு 8.15

கேள்வி கேட்டவர் பையனுக்காக: கழுகுக் கூடு எப்படி இருக்கும்?

ஓபர்சால்ஸ்பெர்கிலிருந்து தனிப் பேருந்து. சொந்த வண்டி அனுமதி இல்லை. ஆறரை கிலோமீட்டர் சாலை, ஐந்து குகைவழிகள், பாறையைக் குடைந்து போட்டது. இத்தனை ஏற்றத்துக்கும் ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவுதான். 1937, 38இல் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துப் பனியிலும் வேலை வாங்கிக் கட்டினார்கள். வேலையில் செத்தவர்களும் உண்டு. பேருந்து நிற்கும் இடத்தில் பாறைக்குள் 124 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்க நடை. கோடையிலும் பல் கிட்டும் குளிர், கல்லில் ஈரம் கசியும். பையனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவில் மின்தூக்கி. உள்ளே முழுக்கப் பளபளக்கும் பித்தளை. இன்னொரு 124 மீட்டர் நேர்மேலே போய், கதவு திறந்தால் வீட்டுக்குள் நிற்பீர்கள்.

மேலே போனதும் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் பெரிய அறையின் கணப்பைப் பாருங்கள். சிவப்புப் பளிங்கு, முசோலினி கொடுத்தது. விளிம்புகள் கொத்திக் கொத்தி மூளியாகக் கிடக்கும். 1945இல் வந்த வீரர்கள் ஞாபகத்துக்கு ஆளுக்கொரு சில்லு உடைத்துக்கொண்டு போனார்கள். விரல் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் இன்னும் கூராகவே இருக்கிறது. நான் ஊரிலிருந்து வரும் உறவினர் யாரைக் கூட்டிப்போனாலும் அங்கேதான் கொஞ்ச நேரம் நிறுத்துவேன்.

ஹிட்லர் அங்கே போனது பத்துப் பதினைந்து முறைதான் இருக்கும். 1939இல் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டிக் கட்சி கொடுத்த பரிசு அது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இடி விழும் பயம் வேறு. 1938 அக்டோபரில் அங்கே அவரைச் சந்தித்த பிரெஞ்சுத் தூதர் எழுதிய வர்ணனையிலிருந்துதான் கழுகுக் கூடு என்ற பெயர் உலகத்துக்குப் பரவியது என்பார்கள். பெயர் அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டதால், கீழே நடந்த நிஜ அக்கிரமத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

11 மே, இரவு 8.40

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். “அங்கிருந்தே போரை நடத்தினார்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. உச்சியிலிருந்து இல்லை, கீழே பெர்க்ஹோஃபிலிருந்து.

ஹவுஸ் வாகன்ஃபெல்டை 1935, 36இல் பெரிதாக்கியதுதான் பெர்க்ஹோஃப். உன்டர்ஸ்பெர்கைப் பார்த்து ஒரு ராட்சத ஜன்னல், சுமார் எட்டு மீட்டர் அகலம், நாலு மீட்டர் உயரம், அப்படியே தரைக்குள் இறக்கிவிடலாம். 1938 பிப்ரவரியில் ஆஸ்திரிய அரசுத் தலைவர் (சான்சலர்) ஷூஷ்னிக்கை அங்கே வரவழைத்து மிரட்டினார், அடுத்த மாதமே ஆஸ்திரியா போனது. அதே வருடம் செப்டம்பர் 15இல் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் அங்கே வந்தார். 1939 ஆகஸ்ட் 22இல் தளபதிகளைக் கூட்டி வைத்துப் போலந்து மீது பாயப்போவதைச் சொன்னார். 1940 ஜூலை 31இல் சோவியத் மீது படையெடுக்கும் முடிவைத் தளபதிகளிடம் சொன்னதும் அங்கேதான். ஆட்சிக் காலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்த மேட்டில் கழித்திருக்கிறார். கடைசியாகக் கிளம்பியது 1944 ஜூலை 14.

பக்கத்து பிஷோஃப்ஸ்வீசனில் ஓர் அரசு அலுவலகமே கட்டினார்கள், பெர்லின் அலுவலகத்தின் கிளை மாதிரி. ஆக, பழைய ஊர்க்காரரின் தொழுவமும் கொல்லையும் இருந்த மேட்டில் உட்கார்ந்துதான் லட்சக்கணக்கானவர்களின் சாவுக்கு நாள் குறித்தார்கள்.

12 மே, காலை 10.00

அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: “புகைப்படங்களில் குழந்தைகளோடும் நாயோடும் சிரித்துக்கொண்டே இருக்கிறாரே, அதெல்லாம் இங்கேயா?”

பெரும்பாலும் இங்கேதான் அக்கா. அவருடைய புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் மலையைப் பின்னால் வைத்து எடுத்துத் தள்ளினார். லட்சக்கணக்கில் அஞ்சலட்டைகளாகவும் படப் புத்தகங்களாகவும் விற்றன. நல்ல அயலார், இயற்கையை நேசிப்பவர், குழந்தை மனசு என்ற பிம்பம் இந்தச் சரிவில் தயாரானது. அவரோடு அதிகம் படமெடுக்கப்பட்ட சிறுமி ஒருத்தியின் பாட்டி யூதர் என்று தெரிந்ததும், அவள் அங்கே வருவதையே போர்மன் நிறுத்திவிட்டார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது சட்டகத்துக்கு வெளியே இடிபட்ட வீடுகளையும் சேர்த்தே பாருங்கள்.

12 மே, மாலை 6.30

உப்பு. சொன்னேனே, இப்போது எழுதுகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்.

இங்கே உப்பைக் கட்டியாக வெட்டுவது குறைவு. மலைக்குள் அறை குடைந்து, தண்ணீர் நிரப்பி, உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரை வெளியே எடுப்பார்கள். காய்ச்ச விறகு வேண்டும், காய்ச்சும் ஆலை பாட் ரைஷன்ஹாலில். நடுவில் மலை. 1817இல் கேயார்க் ஃபொன் ரைஷன்பாஹ் என்ற பொறியாளர் 29 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டார். பெரும்பாலும் மரத்தைத் துளைத்துச் செய்த குழாய்கள். இல்சாங்க் என்ற இடத்தில் அவர் வைத்த இயந்திரம் நீரின் அழுத்தத்தாலேயே இயங்கி உப்புநீரை 356 மீட்டர் மேலே தள்ளியது. நிலக்கரி இல்லை, நீராவி இல்லை. 1927 வரை ஓடியது! அந்தக் குழாய் போன தடம் இப்போது நடைபாதை. வாட்ஸ்மனைப் பார்த்துக்கொண்டே கிட்டத்தட்ட சமதரையில் நடக்கலாம், வயசானவர்களுக்கும் ஏற்றது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஹாலைன் சுரங்கம். அதன் ஆட்கள் ஜெர்மன் மண்ணுக்கு அடியில் வந்து உப்பெடுக்கலாம், பதிலுக்குப் பவேரியாவுக்கு ஆஸ்திரியக் காட்டில் மரம் வெட்டும் உரிமை என்று 1829இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டிய ஒப்பந்தம். இந்த மண்ணின் நிஜ வரலாறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஹிட்லரின் காலம் அதில் 22 வருடம், முதல் வருகையிலிருந்து கடைசி வரை எண்ணினாலும்.

13 மே, இரவு 10.10

குண்டுவீச்சு பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

1943 ஆகஸ்டில் பதுங்கு சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். ஹிட்லருக்கான பகுதி அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் தயார். மொத்தம் ஆறு கிலோமீட்டருக்கும் மேல். இத்தாலியர், செக் நாட்டவர் என்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேரைப் பாறைக்குள் இறக்கினார்கள். விமானம் வரும்போது பள்ளத்தாக்கையே மறைக்கச் செயற்கைப் புகை மூட்டும் கருவிகளும் வைத்தார்கள்.

1945 ஏப்ரல் 25 காலையில் பிரிட்டிஷ் விமானப்படை வந்தது. 359 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள், 16 மொஸ்கிட்டோ விமானங்கள். இலக்கைக் காட்டும் மொஸ்கிட்டோக்கள் தரையிலிருந்து வரும் ரேடியோ அலையை நம்பித்தான் குறி வைக்க வேண்டும். அலை நேர்கோட்டில் போவது. நடுவில் மலை மறித்துவிட்டது, அவ்வளவு உயரத்தில் பறந்தும் வேலைக்கு ஆகவில்லை. தரையில் பனி வேறு, எது வீடு எது பாறை என்று தெரியவில்லை. இருந்தும் பெர்க்ஹோஃப், எஸ்.எஸ். முகாம், பிளாட்டர்ஹோஃப் எல்லாம் அடிபட்டன. கழுகுக் கூட்டில் ஒரு கீறல் இல்லை.

ஹிட்லர் அப்போது பெர்லினில். கோரிங் இங்கே. ‘ஆட்சிப் பொறுப்பை நான் ஏற்கலாமா’ என்று இரண்டு நாள் முன்பு இங்கிருந்துதான் தந்தி அடித்திருந்தார். அதற்காகக் கைதாகி, குண்டு விழும்போது எஸ்.எஸ். காவலில் சுரங்கத்துக்குள் இருந்தார். மேட்டில் இருந்த சுமார் 3,000 பேர் சுரங்கங்களில் தப்பினார்கள். 31 பேர் இறந்தார்கள்.

அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதிக்குள் இன்று ஆவண மையத்தின் (இந்த வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம்) வழியாக இறங்கலாம். படிக்கட்டு முடியும் இடத்தில் சுவரில் இயந்திரத் துப்பாக்கிக்கான துளை, இறங்கி வருபவரின் நெஞ்சுக்கு நேராக. சுவரில் அமெரிக்க, பிரெஞ்சு வீரர்கள் கிறுக்கிய பெயர்கள். முதல் தடவை போனபோது அந்தத் துளைக்கு முன்னால் நின்று, மேலே ஊரை அழித்துவிட்டுக் கீழே இவ்வளவு பயந்து தோண்டியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

14 மே, காலை 6.50

நேற்று எழுதியது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது, தூங்கவில்லை. 31 பேர் என்று எழுதி நிறுத்திவிட்டால் கணக்கு முழுமையாகாது. அதே ஏப்ரல் 25இல் பாட் ரைஷன்ஹாலையும் குண்டு போட்டு அடித்தார்கள். அமெரிக்க விமானங்கள். இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். மேலே மேட்டில் காவல்படைக்கும் அதிகாரிகளுக்கும் பாறைக்குள் மின்விளக்கும் காற்றோட்டமுமாகச் சுரங்கம் இருந்தது. கீழே உப்பு காய்ச்சும் ஊரில், போர் முடிய இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், சாதாரண சனம் செத்தது. பாறைக்கு உள்ளே யாருக்கு இடம் கிடைத்தது என்பதையும் இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

14 மே, மதியம் 12.45

பாராசூட் படை விஷயம். தொடரில் காட்டியது 101ஆவது வான்வழிப் பிரிவு. 1945 மே 4இல் பெர்ஷ்டெஸ்காடனுக்குள் முதலில் நுழைந்தது அவர்கள் அல்ல. அமெரிக்க 3ஆவது காலாட்பிரிவின் 7ஆவது ரெஜிமெண்ட். பின்னாலேயே தளபதி லக்லேர்க்கின் பிரெஞ்சு 2ஆவது கவசப் பிரிவு. 101 அதற்கு அப்புறம்தான் வந்து, நாள்கணக்கில் தங்கியது.

இதையும் நிலம்தான் தீர்மானித்தது. பள்ளத்தாக்குக்குள் வர சாலாஹ் ஆற்றைத் தாண்ட வேண்டும், பாலங்கள் தகர்ந்து கிடந்தன. யார் கையில் பாலம் இருந்ததோ அவர்கள் முன்னே போனார்கள். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆல்ப்ஸில் கடைசி நாஜிக் கோட்டை இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்று நேச நாடுகள் பயந்துகொண்டிருந்தன. வந்து பார்த்தால் அப்படியொரு கோட்டையே இல்லை.

எஸ்.எஸ். ஆட்கள் ஓடுவதற்கு முன் பெர்க்ஹோஃபுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வீரர்களும் சுற்றுவட்டார மக்களும் கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். உணவு, சாராயம், நாற்காலி, தட்டு.

15 மே, இரவு 9.20

“போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்களா?” இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பெரும்பாலானவர்கள் வரவில்லை. நிலம் பவேரிய அரசுக்குப் போனது, பயன்பாடு அமெரிக்க ராணுவத்துக்கு. வீரர்களுக்கு ஓய்வு விடுதி, பனிச்சறுக்கு. போர்மனின் பண்ணை நிலத்தில் கோல்ஃப் மைதானம். மொரீட்சியா மாயரின் விடுதி இருந்த இடத்து பிளாட்டர்ஹோஃபைப் பழுதுபார்த்து ‘ஜெனரல் வாக்கர் ஹோட்டல்’ ஆக்கினார்கள். பெர்க்ஹோஃப் இடிபாட்டுக்குச் சுற்றுலாக் கூட்டம் வரத் தொடங்கியதால், 1952 ஏப்ரல் 30இல், ஹிட்லர் செத்த அதே தேதியில், வெடி வைத்துத் தகர்த்தார்கள். ட்சூம் ட்யூர்க்கன் குடும்பம் மட்டும் விடாமல் போராடி, 1949இல் மகள் இடிந்த கட்டடத்தைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து மறுபடி விடுதி நடத்தினார். ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்களில் அவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அமெரிக்கர்கள் 1996இல் கிளம்பினார்கள். 1999 அக்டோபரில் ஆவண மையம் திறந்தது, முனிக்கின் சமகால வரலாற்று நிறுவனம் உருவாக்கியது. 2023இல் இன்னும் பெரிதாகப் புதிய காட்சி. கோரிங் வீடு இருந்த மேட்டில் 2005இல் ஆடம்பர ஹோட்டல் வந்தது, அதற்குப் பெரிய எதிர்ப்பும் எழுந்தது. ஆவண மையம் இருக்கும்போது ஹோட்டல் இருந்தால் தப்பில்லை என்பது அரசின் வாதம். அந்த மேட்டில் விடுதி என்பது 1877இலிருந்தே இருக்கிறது, அதனால் எனக்கு ஹோட்டல் மீது கோபம் இல்லை. விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு முதலில் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

16 மே, காலை 8.00

சரி, கேள்வி கேட்டவருக்கு நடைமுறை விவரம்.

முனிக்கிலிருந்து ரயில், ஃப்ரைலாசிங்கில் மாறி பெர்ஷ்டெஸ்காடன். அந்தப் பிரம்மாண்டமான ரயில் நிலையமும் நாஜிக் காலத்தில் கட்டியதுதான், வெளியே நின்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அங்கிருந்து 838 எண் பேருந்து ஓபர்சால்ஸ்பெர்குக்கு. உச்சிப் பேருந்து மே நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை, பனியைப் பொறுத்து. மேகம் மூடியிருந்தால் உச்சியில் ஒன்றும் தெரியாது, அன்றைக்கு உப்புச் சுரங்கம் போங்கள்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் ஆவண மையம், பிறகு பதுங்கு சுரங்கம், அப்புறம் பெர்க்ஹோஃப் இருந்த இடம், கடைசியாக உச்சி. உச்சியை முதலில் பார்த்தால் காட்சியின் அழகில் மற்றதெல்லாம் சிறிதாகிவிடும். பெர்க்ஹோஃப் இடத்தில் ஒரு தகவல் பலகையும், மரங்களுக்கு நடுவே பின்பக்கத் தாங்குசுவரும் மட்டும் மிச்சம். பையன் ஏமாறுவான், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உச்சிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெரிய வாகன நிறுத்தம் இருக்கிறதே, பிளாட்டர்ஹோஃபை 2000 வாக்கில் இடித்துப் போட்டது அது. பென்ஷன் மோரிட்ஸ் நின்ற இடம். எப்படியும் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும், அந்த நேரத்தில் பையனுக்கு மொரீட்சியா மாயரைப் பற்றிச் சொல்லுங்கள்.

16 மே, காலை 8.25

ஒன்று விட்டுப்போனது. அடுத்த நாளும் இருந்தால் கோனிக்ஸே ஏரி. 190 மீட்டர் ஆழம். 1909இலிருந்து மின்படகு மட்டும்தான், அதனால் தண்ணீர் தெளிவு. காலை முதல் படகைப் பிடித்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை தாங்காது.